இருவர், 14 இரவுகள்: பயண நிரலின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முகவர்கள் அனுப்பும் தாள்களில் ‘6 பகல், 5 இரவு’ என்பதைப் போன்ற ஒரு தொடர் தலைப்பிலேயே நிற்கும். அதன் கீழே நாள்வாரியாக ஊர்ப்பெயர்கள் வரும். புதிதாக மணம் புரிந்த இருவர் அத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு எந்த ஊரைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது என்று கலந்து பேசுவார்கள். அவர்கள் பேச்சு முழுவதும் ஊர்களைப் பற்றியதாகவே இருக்கும். வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது. வேகம் முன்பே முடிவாகிவிட்டது என்றும், அந்த வேகத்துக்குள் ஊர்களை அடுக்குவது மட்டுமே தம் பொறுப்பு என்றும் அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

வேகத்தை முடிவு செய்தவர் யார் என்பதே இப்பதிவின் கேள்வி. ஐரோப்பியப் பயண வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் குதிரையும், பணப்பையும், ரயில் அட்டவணையும், தொழிலாளர் விடுப்புச் சட்டமும், தூதரக அலுவலகமும் அடுத்தடுத்து அப்பொறுப்பை ஏற்றிருப்பது தெரிகிறது. உடன் செல்லும் இருவரின் உடலும் மனமும் நிரலின் வேகத்தை வகுத்த தருணங்கள் குறைவு. அத்தருணங்களையும், அவை வாய்க்காத வேளைகளில் நேர்ந்ததையும் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிரலை ஆண்கள் அச்சிட்டார்கள். நிரலுக்குள் வாழ்ந்த அனுபவம் பெண்களின் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் கிடைக்கிறது. இருவருக்கான ஒரு நல்ல பயணத்தைத் திட்டமிட முனைவோர்க்கு வழிகாட்டி நூல்களைக் காட்டிலும் அந்தக் கடிதங்கள் கூடுதலாகக் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்.

சொற்களில் எஞ்சியிருப்பது

மொழியியல் மாணவர்க்குச் சொல்லிலிருந்து தொடங்குவது பழக்கம். ‘ஐட்டினரரி’ என்று நாம் வழங்கும் சொல்லின் வேர், வழி அல்லது பயணம் எனப் பொருள்படும் ‘இட்டெர்’ என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்தின் ‘ஜர்னி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒரு பகலில் கடக்கக்கூடிய தொலைவு என்பதே அதன் முதற்பொருள். ‘டிராவல்’ என்பதும், கடும் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் ‘டிராவைல்’ என்பதும் ஒரே சொல்லின் இரு கிளைகள். பயணம் என்றால் ஒரு பகலின் அளவு என்பதும், அது உடலை வருத்தும் என்பதும் இச்சொற்களில் இன்னும் படிந்து கிடக்கின்றன.

தமிழில் இதைவிடச் சுவையான ஒரு செய்தி உண்டு. சங்க இலக்கியத்தில் ‘செலவு’ என்றால் பயணம். ‘செல்’ என்ற வினையின் தொழிற்பெயர். இன்று அச்சொல்லுக்குப் பணம் போவது மட்டுமே பொருளாக நிற்கிறது. பொருள் தேடப் பிரியும் தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு உடனே புறப்படாமல் தங்குவதைச் ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் மரபு வகைப்படுத்தியது. அவ்வாறு தங்குவது பயணத்தைக் கைவிடுவதாகாது, ஆற்றுவித்துச் செல்வதற்காக நிற்பதே என்று தொல்காப்பியக் கற்பியல் விளக்குகிறது. அங்கே இருவரும் சேர்ந்து செல்லவில்லை என்பது உண்மை. ஆயினும், நிற்றலும் செலவின் ஒரு பகுதி என்ற கருத்தை இலக்கணமாகவே வகுத்த மொழி நம்முடையது.

மாறுமிடமும் தங்குமிடமும்

இன்று நமக்குக் கிடைக்கும் பழைய பயண நிரல்களுள் ஒன்று கி.பி. 333ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய பிரான்சின் போர்தோ நகரிலிருந்து எருசலேமுக்குச் சென்று, ரோம் வழியாக மிலான் வரை திரும்பிய பெயர் தெரியாத ஒரு கிறித்தவ யாத்திரிகர் அதை எழுதினார். புனித நிலத்தை எட்டும் வரை அது பெரும்பாலும் வெறும் பட்டியல்தான்: இடத்தின் பெயர், அதன் வகை, முந்தைய இடத்திலிருந்து அதற்குள்ள தொலைவு.

அந்த ‘வகை’தான் நம் கவனத்துக்கு உரியது. நிற்குமிடங்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். ‘கிவிட்டாஸ்’ என்பது நகரம். ‘முட்டாஷியோ’ என்பது குதிரையை மாற்றும் இடம். ‘மான்ஷியோ’ என்பது இரவு தங்கும் இடம். போர்தோவிலிருந்து கான்ஸ்டான்டினோப்பிள் வரை மொத்தம் 2,221 மைல், 230 மாறுமிடங்கள், 112 தங்குமிடங்கள் என்று அவரே கூட்டித் தருகிறார். வகுத்துப் பார்த்தால் ஒரு தங்கலுக்கு ஏறத்தாழ 20 ரோமானிய மைல். இன்றைய அளவில் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் இரவுக்கு இரண்டு குதிரை மாற்றங்கள். 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பேரரசின் சாலை வேகம் இந்த எளிய கூட்டலில் வெளிப்பட்டுவிடுகிறது.

‘மான்ஷியோ’ என்பது ‘தங்கு’ எனப் பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. அதிலிருந்தே பிரெஞ்சு மொழியில் வீட்டைக் குறிக்கும் ‘மேஸோன்’ என்ற சொல் வந்தது. தங்குமிடத்தின் பெயர் வீட்டின் பெயராயிற்று. மாறுமிடத்தின் பெயருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இரண்டும் நிற்குமிடங்களே. எனினும் அவற்றை ஒரே வகையாக எண்ணக் கூடாது என்பது அந்த யாத்திரிகர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இன்றைய நிரல்களில் மறைந்துபோனது இந்தப் பாகுபாடுதான். இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்து காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் கட்டும் ஊரையும் முகவரின் தாள் ‘தங்கல்’ என்றே எழுதுகிறது. உண்மையில் அது ஒரு மாறுமிடம். குதிரைக்குப் பதிலாகப் பேருந்து நிற்கிறது, அவ்வளவே.

மூன்று இணையர்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயச் செல்வர்கள் மேற்கொண்ட ‘கிராண்ட் டூர்’ பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் இளம் ஆண்மகன் ஒருவனும் அவனுடைய ஆசிரியரும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் சென்ற கல்விப் பயணம் அது. வெனிஸ் கார்னிவலுக்கும் ரோமின் புனித வாரத்துக்கும் ஏற்ப நாட்கள் வகுக்கப்பட்டன. இணையராகச் செல்வோரின் சிக்கல்கள் 19ஆம் நூற்றாண்டின் ஆவணங்களில்தான் துலங்குகின்றன. ‘ஹனிமூன்’ என்ற ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் இருந்தும், தொடக்கத்தில் அது பயணத்தைக் குறிக்கவில்லை. மணமான முதற்காலத்தின் இனிமையை மட்டுமே குறித்தது. நாம் ‘தேனிலவு’ என்று பெயர்த்தது பிற்காலத்துப் பொருளை.

முதல் இணையர்: 1814 ஜூலை 28 அன்று லண்டனை விட்டு ஓடிப்போன 16 வயது மேரி காட்வினும் (பிற்காலத்து மேரி ஷெல்லி), மனைவியைப் பிரிந்து வந்த 21 வயது கவிஞர் பெர்சி ஷெல்லியும். மேரியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரி கிளேரும் உடன் சென்றார். கையில் பணமில்லை; திட்டமுமில்லை. பாரிசில் ஒரு கழுதையை வாங்கிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்கு நடந்தே செல்வது என்று முடிவு செய்தார்கள். கழுதையோ சுமையைத் தாங்கும் நிலையில் இல்லை. அதை விற்றுக் கோவேறு கழுதை ஒன்றை வாங்கினார்கள். சில நாட்களில் ஷெல்லியின் காலில் சுளுக்கு ஏற்பட, துருவா நகரில் கோவேறு கழுதையையும் விற்றுத் திறந்த வண்டி ஒன்றை வாங்கினார்கள். அவர்கள் கடந்த ஊர்கள் நெப்போலியப் போரின் இறுதிக் கட்டத்தில் எரிந்து அழிந்தவை. பாலும் ரொட்டியும்கூட எளிதில் கிடைக்கவில்லை. லூசர்ன் ஏரிக்கரையின் புருன்னெனில் ஒரு வீட்டை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டே நாட்களில் பணக் கணக்கு கண்ணைத் திறக்க, ஊர் திரும்ப முடிவு செய்தார்கள். நீர்வழிப் பயணமே மலிவு என்பதால் ராய்ஸ், ரைன் ஆறுகளில் படகேறி, செப்டம்பர் 13 அன்று இங்கிலாந்துக் கரையை அடைந்தார்கள்.

இருவரின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு மேரி உருவாக்கிய நூல் 1817இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதில் என்னைக் கவர்வது அதன் முறைப்பாடற்ற தொனி. வேகத்தைப் பணப்பை வகுத்தது என்பதை மேரி மறைக்கவில்லை. எனினும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவு எடுத்தவர்கள் தாங்களே என்பதால் துன்பம் கசப்பாக மாறவில்லை. திட்டமின்மையை நான் போற்றவில்லை. ஆறு மாத வாடகை ஒப்பந்தம் இரண்டு நாளில் குலைந்தது யாரும் பின்பற்றத் தக்கதன்று. தவறான முடிவையும் இருவரும் சேர்ந்து எடுத்தால் அதைச் சேர்ந்தே திருத்த முடிகிறது என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

இரண்டாம் இணையர்: எலிசபெத் பாரெட்டும் ராபர்ட் பிரவுனிங்கும். 1846 செப்டம்பர் 12 அன்று இரகசியமாக மணம் புரிந்து, ஒரு வாரம் கழித்து இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். எலிசபெத்துக்கு வயது 40. பல்லாண்டு நோயால் அறையை விட்டு அதிகம் வெளியேறாதவர். ஆறு வயது இளையவரான ராபர்ட்டோ நல்ல உடல்நலம் கொண்டவர். பாரிசில் எழுத்தாளர் அன்னா ஜேம்சனைச் சந்தித்து, எலிசபெத் தெம்பு பெறும் வரை ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார்கள். பின்னர் ஜேம்சனும் சேர்ந்துகொள்ள, ஓர்லேயோன், லியோன், அவினியோன் எனப் படிப்படியாகத் தெற்கே இறங்கி மார்செயில் கப்பலேறினார்கள். பீசாவை அடைந்ததும் அடுத்த ஊருக்கு விரையாமல் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். ஃபுளோரன்சுக்குச் சென்றது 1847இன் வசந்தத்தில்தான்.

வேகத்தை வகுத்தது இருவருள் மெலிந்தவரின் உடல். நலமுற்றவரின் விருப்பத்துக்கு ஏற்ப நிரலை எழுதி, மற்றவர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பொதுவழக்கு. பிரவுனிங் இணையர் அதைத் தலைகீழாக்கினார்கள். எலிசபெத்தின் உடல் பயணத்தில் தேறியது. லண்டனில் அறைக்குள் கிடந்தவர் இத்தாலியில் நடமாடத் தொடங்கினார். வெயிலும் விடுதலையும் அதற்குக் காரணங்கள். பாரிசின் அந்த ஒரு வார ஓய்வுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் இணையர்: ஜான் ரஸ்கினும் எஃபி கிரேயும். 1848 ஏப்ரலில் மணமானபோது ஐரோப்பாவெங்கும் புரட்சி நடந்துகொண்டிருந்ததால் கண்டத்துக்குச் செல்லும் திட்டம் தடைப்பட்டது. 1849 நவம்பரில் வெனிஸ் வந்து அடுத்த ஆண்டு மார்ச் வரை தங்கினார்கள். ‘வெனிஸின் கற்கள்’ என்ற புகழ்பெற்ற நூலுக்காக ரஸ்கின் தூண்களையும் வளைவுகளையும் அளந்துகொண்டிருந்தார். வரைவதும் குறிப்பெடுப்பதுமாக அவர் பகல்கள் கழிந்தன. எஃபியோ உடன் வந்த தோழியுடன் நகரைச் சுற்றினார், விருந்துகளுக்குச் சென்றார், அப்போது வெனிஸை ஆண்ட ஆஸ்திரிய அதிகாரிகளின் வட்டத்தில் பழகினார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. ரஸ்கினின் நூலில் காணப்படாத உயிருள்ள வெனிஸ் அவற்றில் நடமாடுகிறது.

அவர்கள் மணம் 1854இல் சட்டப்படி செல்லாததாக்கப்பட்டது. அதன் காரணங்கள் வேறு. பயண நிரலின் மேல் அந்தப் பழியைச் சுமத்த இயலாது. மூன்று காரியங்களை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஒன்று, பல ஊர்களை ஓடி ஓடிப் பார்க்காமல் ஒரே ஊரில் மாதக்கணக்கில் தங்குவதாலேயே நிரல் நல்லதாகிவிடாது. இரண்டு, ஒரே ஊரில் இருவருக்கு இரண்டு நிரல்கள் இருப்பது இயல்பு. எஃபியின் கடிதங்களில் தெரியும் உற்சாகம் அந்தத் தனிப் பகல்களில் விளைந்தது. மூன்று, இரு நிரல்களும் ஒரு வேளையேனும் சந்திக்க வேண்டும்.

எலும்புக்கூடும் சதையும்

இந்த மூன்று பயணங்களின் காலத்திலேயே வழிகாட்டி நூல்கள் ஒரு தொழிலாக வளர்ந்தன. லண்டனில் ஜான் மர்ரியின் முதல் கையேடு 1836இல் வந்தது. ஜெர்மனியில் கார்ல் பெடெக்கரின் நூல்கள் உடன் வளர்ந்தன. தவறவிடக் கூடாத இடங்களுக்கு உடுக்குறி இடும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் பெடெக்கர். மர்ரியின் சுவிட்சர்லாந்துக் கையேடு, இத்தனை வாரத்துக்கு இன்னின்ன ஊர்கள் என்று மாதிரி நிரல்களைத் தந்தது. அவற்றுக்கு அந்நூல் இட்ட பெயர் ‘எலும்புக்கூட்டுப் பயணங்கள்’ என்று பொருள்படும். எலும்பை நாங்கள் தருகிறோம், சதையை நீங்கள் வளர்த்துக்கொள்ளுங்கள் என்ற நேர்மை அப்பெயரில் இருக்கிறது. பிற்காலத்தில் எலும்புக்கூடே முழு உடலாக விற்கப்படலாயிற்று.

அந்த மாற்றத்தோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்கு இயக்கத்தினர் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றவர். 1863 கோடையில் சுவிட்சர்லாந்துக்கு முதல் குழுவைக் கொண்டுசென்றார். அக்குழுவில் இருந்த ஜெமைமா மோரெல் என்ற யார்க்‌ஷயர்ப் பெண் நாட்குறிப்பு எழுதினார். அது நூறாண்டு கழித்து 1963இல் அச்சேறியது. பாரிஸ், ஜெனீவா, ஷமோனி, கெம்மிக் கணவாய், இன்டர்லாக்கன், லூசர்ன், ரீகி மலை என மூன்று வாரங்களில் அவர் குழு சுற்றியது. விடியுமுன் எழுதல், நாள் முழுதும் நடத்தல், பனியாற்றைக் கடத்தல், ரீகி உச்சியில் சூரிய உதயம் காணல். இவையெல்லாம் அக்காலத்து நீள்பாவாடையோடு.

மெதுவே சிறந்தது, விரைவு தாழ்ந்தது என்று எளிதாக முடிவு கட்டுவோரை ஜெமைமாவின் நாட்குறிப்பு தயங்க வைக்கும். அவர் அந்த விரைவை அனுபவித்து மகிழ்ந்தார். வீட்டு நடைமுறைக்குள் அடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு அதிகாலை நான்கு மணிக்கு மலையேறுவது விடுதலையாக இருந்தது. தோழர் சிலர் தமக்குள் ஒரு சங்கமாகப் பெயர் சூட்டிக்கொண்டு அந்த வேகத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே வேகம் தன்னளவில் குற்றமன்று. அது யாருடைய வேகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விடுப்பு, சீட்டு, விசா

20ஆம் நூற்றாண்டில் நிரலை வகுக்கும் பொறுப்பு நிறுவனங்களிடம் முழுமையாகச் சென்றது. பிரான்சில் 1936ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரண்டு வார விடுப்பை உறுதி செய்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அதே ஆண்டில் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கான உடன்படிக்கையை ஏற்றது. செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த ஓய்வு உழைப்பாளிக்கும் உரிமையாயிற்று. இது பெரும் வெற்றி. அதே வேளையில் பயணத்தின் நீளம் இனி உடலின் அளவன்று, விடுப்புப் படிவத்தின் அளவு என்றாயிற்று. 1959இல் அறிமுகமான யூரெயில் சீட்டு, குறித்த நாட்களுக்குள் எவ்வளவு தொலைவும் செல்லலாம் என்றது. விலை மாறாதபோது கூடுதல் ஊர்களைச் சேர்ப்பதே ஆதாயம் என்ற கணக்கு பயணியின் மனத்தில் குடியேறியது. 18 நாளில் ஒன்பது நாடுகளைச் சுற்றும் அமெரிக்கக் குழுவைக் கேலி செய்யும் ஒரு ஹாலிவுட் படம் 1969இல் வந்தது. இன்று செவ்வாய்க்கிழமை என்றால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும் என்ற பொருள்பட அமைந்தது அதன் தலைப்பு. கிழமையைக் கொண்டு நாட்டை அறியும் நிலை அப்போதே நகைப்புக்குரியதாகிவிட்டது.

நம் நாட்டில் இக்கதைக்கு வேறொரு தொடக்கம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் ஐரோப்பியத் தேனிலவைப் பெரும்பாலோர் திரையில்தான் கண்டார்கள். 1964இல் வெளிவந்த ‘சங்கம்’ இந்திப் படத்தில் ராஜ் கபூரும் வைஜயந்திமாலாவும் வெனிஸ், பாரிஸ் என்று சுற்றியதைக் கண்டவர்கள் அந்த நகரங்களை இருவர்க்கான நகரங்களாக மனத்தில் பதித்துக்கொண்டார்கள். 2004இல் ரிசர்வ் வங்கி தாராளமயப் பணவனுப்பு திட்டத்தைக் கொண்டுவந்து, தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதித்தது. அந்த வரம்பு பின்னர் பன்மடங்கு உயர்ந்தது. பணத்தடை தளர்ந்த வேளையில் விசா முன்னால் வந்து நின்றது.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர் தங்குமிடச் சான்றையும், பயண விவரத்தையும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீட்டையும் காட்ட வேண்டும். பல நாடுகளுக்குச் செல்வோர், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டில். விளைவு, நம் இணையர்க்கு நிரல் என்பது முதலில் ஒரு அதிகாரிக்கு எழுதப்படும் ஆவணம். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு முகவரி, ஒவ்வொரு பகலுக்கும் ஒரு காரணம். வெற்று நாள் ஐயத்தைத் தூண்டுமோ என்ற அச்சத்தில் எல்லா நாட்களும் நிரப்பப்படுகின்றன. விசா கிடைத்த பின்பும் அந்தத் தாளே வேதமாகிவிடுகிறது. அதிகாரியின் முன் நம்மை நிரூபிப்பதற்காக எழுதிய நிரலுக்குள்ளேயே நம் மணவாழ்வின் முதல் இரு வாரங்களையும் வாழ்ந்து முடிக்கிறோம்.

ஆகவே என்ன செய்யலாம்?

வரலாற்றைப் படித்து ஒரு நிரலை எழுதிப் பார்ப்போம். விடுப்பு 15 நாள், 14 இரவு. நடுவில் முழுதாகக் கிடைப்பவை 13 பகல்கள். ஏழு ஊர்களைச் சேர்த்தால் ஆறு பகல்கள் ஊர் மாறுவதில் கழியும். எஞ்சுவது ஊருக்கு ஒரு பகல். நான்கு ஊர்களோடு நிறுத்தினால் மூன்று பகல்களே மாறுதலுக்குப் போகும், பத்து எஞ்சும். மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்து மூன்று முழுப் பகல்களைப் பெறுகிறோம்.

பாரிசில் 4 இரவு, லூசர்னில் 3, வெனிஸில் 3, ரோமில் 4 என்று வைத்துக்கொள்வோம். இத்தாலியில் மொத்தம் ஏழு இரவுகள் வருவதால் விண்ணப்பம் இத்தாலியத் தூதரகத்துக்கு. பாரிசில் இறங்கி ரோமிலிருந்து விமானம் ஏறினால் வந்த வழியே திரும்பும் வீண் தொலைவு இல்லை. பாரிசிலிருந்து பாசெல் வரை அதிவேக ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி, அங்கிருந்து லூசர்ன் ஒரு மணி: பாசெல் ஒரு மாறுமிடம். லூசர்னிலிருந்து 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக மிலான், பின்னர் வெனிஸ்: மிலான் ஒரு மாறுமிடம். மிலானில் இறங்கும்போது பேராலயத்தையும் பார்த்துவிடலாமே என்ற ஆசை எழும். அந்த ஆசை பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அலையவைக்கும். போர்தோ யாத்திரிகரைப் பின்பற்றி மாறுமிடத்தை மாறுமிடமாகவே விட்டுவிடுவது நலம்.

பாரிசின் முதல் பகலைப் பிரவுனிங் இணையரை நினைத்து ஓய்வுக்கு விடலாம். இருவருள் யார் விரைவில் களைப்பவரோ அவரே நாளின் நீளத்தை முடிவு செய்யட்டும். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பது போன்ற செய்திகளை முன்பே அறிந்துகொண்டால், வெற்று நாள் எது என்பதை ஊரே சொல்லிவிடும். ஜெமைமாவுக்காக ஒரே ஒரு விடியலை ஒதுக்கலாம். அவர் காலத்துக்குப் பின் 1871இல் ரீகி மலைக்குப் பற்சக்கர ரயில் வந்துவிட்டது. லூசர்னிலிருந்து படகிலும் ரயிலிலுமாக உச்சியை எட்டலாம். உதயத்தைக் காண விரும்பினால் மேலே ஓர் இரவு தங்க நேரும். அதற்கு இருவரும் மனமுவந்து உடன்பட வேண்டும், ஒருவர் மற்றவரை இழுத்துச் செல்லக் கூடாது. வெனிஸில் ஒரு பிற்பகல் இருவரும் தனித்தனியே திரியலாம். மாலையில் ஒரு மேசையில் அமர்ந்து, கண்டதை ஒருவர்க்கொருவர் சொல்லலாம். எஃபியின் நல்ல பகல்களையும் ரஸ்கினின் வேலையையும் சேர்த்து வைத்திருக்கக்கூடிய மேசை அது.

விசா அதிகாரிக்கு எழுதும் தாள் ஒன்றும், இருவர்க்காக எழுதும் தாள் ஒன்றும் தனித்தனியே இருக்கட்டும். ஊர்களும் இரவுகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அதில் பொய் எதுவும் வேண்டியதில்லை. பகல்கள் மட்டும் இரண்டாம் தாளில் தளர்வாக இருக்கட்டும். அத்தாளை எழுத அமரும்போது ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்காமல் இரவுகளிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முறை பெட்டியைக் கட்ட இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம் என்ற கேள்விக்கு முதலில் ஓர் எண்ணை எழுதுங்கள். முகவரின் தாளில் இல்லாத அந்த எண்ணை எழுதிய பிறகு, ஊர்கள் தாமாகக் குறைந்துவிடும்.

ஆய்வு மாணவர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. இந்திய மொழிகளில் பயணநூல் ஆய்வு பெரிதும் அச்சேறிய நூல்களையே சார்ந்திருக்கிறது. கணவரின் பணியிட மாற்றத்தோடும், புனிதப் பயணத்தோடும், அண்மைக் காலத்தில் தேனிலவோடும் நாடு கடந்த பெண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எத்தனையோ பரண்களில் கிடக்கக்கூடும். செலவின் வேகம் யாருடையது என்ற கேள்வியோடு அவற்றைப் படிக்கும் ஓர் ஆய்வு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.